இது நான்தான், வருதா?

அப்பாவின் அம்புக்குறி நின்றுவிட்டது. என் திரையின் வலது ஓரத்தில் நான் எப்போதும் திறந்து வைத்திருக்கும் சின்னச் சட்டத்துக்குள், தூத்துக்குடியில் இருக்கிற அப்பாவின் கம்ப்யூட்டர் அப்படியே தெரியும். அவர் எதைத் திறக்கிறார், எதை மூடத் தெரியாமல் தவிக்கிறார், எந்தப் படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார், எல்லாவற்றையும் கோயம்புத்தூரில் என் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே பார்க்கலாம். தேவைப்பட்டால் அவர் மௌஸை நானும் பிடிக்கலாம். ஒளிந்து பார்ப்பதில்லை, அவரே சொன்னதுதான். "நீ பாத்துக்கிட்டே இரு பிள்ள, நான் பாட்டுக்கு எதையாவது அமுக்கித் தொலைச்சிருவேன்." ஆனாலும் ஒளிந்து பார்ப்பது போலத்தான் இருக்கிறது. அங்கிருந்து சத்தம் வராது, முகம் வராது, இருமல் வராது. ஒரு வெள்ளை அம்பு மட்டும் வரும், அந்த அம்புதான் அப்பா. மைதானத்தின் நடுவில் நின்று ஒரே விசிலில் பள்ளிக்கூடம் முழுவதையும் நிறுத்திய பி.டி. மாஸ்டர் ஆசீர்வாதம் இப்போது எனக்கு ஒரு நகக்கண் அளவு அம்பு. காலையில் நடுங்கும். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் நேராகப் போகும். தூக்கம் வந்தால் திரையின் அடியில் போய் ஒதுங்கிக்கொள்ளும். இன்று மதியம் சாப்பிட்ட பிறகு அது வழக்கம்போலப் படங்களுக்குப் போகாமல் மெயிலைத் திறந்தது. நான் ஆபீஸ் வேலையில் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது நின்றிருந்தது. அசையாமல் இருந்தால் அவர் எழுந்து போய்விட்டார் என்று அர்த்தம், ஆனால் இது அப்படி நிற்கவில்லை, மிக மெல்லத் துடித்துக்கொண்டு நின்றது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒருவர் நிற்பதைப் போல. அதன் நுனி அடிக்கோடிட்ட ஒரு நீல வரியின் மேல் இருந்தது. அந்த வரிக்கு மேலே, அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வயலட் ஆசீர்வாதம் என்று இருந்தது. வயலட் என் அம்மா. போன வருஷம் ஈஸ்டர் கழிந்து அடக்கம் பண்ணினோம்.

சட்டத்தைப் பெரிதாக்கினேன். என் திரை முழுக்க அப்பாவின் திரை ஆனது, அவர் நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தது போல முதுகு ஒரு மாதிரி கூசியது. 'அன்புள்ள, உங்களுக்கான ஆவணம் நீண்ட நேரமாகக் காத்திருக்கிறது, தயவுசெய்து கீழே திறக்கவும்.' அம்மா தமிழ் இல்லை இது. எந்த அம்மாவின் தமிழும் இல்லை. அதற்குக் கீழே அந்த நீல வரி. ஆனால் அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில், பழைய மெயிலின் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு, 'இது நான்தான். வருதா?' இது அம்மா. இது அம்மாவேதான், ஒரு எழுத்துக்கூட வேறு யாரும் எழுதியதில்லை. அம்மாவின் கடைசிக் கிறிஸ்துமஸ் லீவில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவுக்கும் ஒரு மெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன், அவருக்கு அதில் துளி விருப்பமில்லை, அம்மாதான் விடவில்லை. அவரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்த் தன் டேப்லெட்டிலிருந்து இந்த ஒரு வரியை அனுப்பினாள். நான் நடையில் நின்றிருந்தேன், இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. "வருதா?" என்று அடுப்படியிலிருந்தே கத்தவும் செய்தாள், அனுப்பியது போதாதென்று. "வருது, வருது, தொண்டைத் தண்ணி வத்தக் கத்தாத" என்று அப்பா இங்கிருந்து. எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். அதோடு சரி, அப்பா அந்த மெயிலுக்குப் பதில் போடவில்லை, அவருக்குத் தெரியாது. அந்தக் கேள்வி அங்கேயே கிடந்தது. இப்போது யாரோ, எங்கேயோ, அம்மா எதற்கோ எப்போதோ வைத்திருந்த கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து, அவள் கணக்குக்குள் புகுந்து, அவள் பழைய மெயில்களைக் கிளறி, ஒவ்வொன்றின் தலையிலும் தன் தூண்டிலைக் கட்டி விட்டிருக்கிறார்கள். ஆள்கூட இருக்காது, ஒரு இயந்திரம்தான் இதைச் செய்யும், பேயைப் போலத் தூங்காமல், வீடு வீடாகக் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டு. எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும் என்று நான் ஆட்களிடம் சொல்வதுண்டு. குறையவில்லை. ஏனென்றால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. கணக்கின் சொந்தக்காரர் இப்போது உள்ளே இருக்கிறார் என்பதற்கான புள்ளி. இப்போது. இந்த மதியத்தில். அம்மா இருக்கிறாள்.

எனக்குத் தெரியாத விஷயமில்லை இது, இதுதான் என் சோறு. எங்கள் கம்பெனியில் ஆட்களை எச்சரிக்கையாக வைத்திருக்கப் பொய் மெயில்களை எழுதி அனுப்புவதுதான் என் வேலை. உங்கள் பார்சல் திரும்பிப் போகிறது. உங்கள் விடுப்பு மறுக்கப்பட்டது. இந்தப் படத்தில் இருப்பது நீங்களா. யார் அமுக்குகிறார்களோ அவர்களுக்கு மறுநாள் வகுப்பு. ஆசைக்கு அமுக்குகிறவர்கள் குறைவு, பயத்துக்கு அமுக்குகிறவர்கள் கொஞ்சம் அதிகம், அன்புக்கு அமுக்குகிறவர்களுக்குக் கணக்கே இல்லை, அதை நான் படம் போட்டே விளக்குவேன். போன மாதம் பிள்ளைகளின் பள்ளியிலிருந்து வருவது போல ஒன்று எழுதினேன், கிடங்கில் வேலை செய்யும் ஒரு பெண் அமுக்கிவிட்டு வகுப்பு முடியும்வரை தலையைத் தூக்கவில்லை. "என் பையனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நினைச்சேன் மேடம்" என்றாள். அதுதான் பாடம் என்று நான் சொன்னேன். எவ்வளவு சரியாகச் சொன்னேன். அப்பாவுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அம்மா போன பிறகு அவர் தானாகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார ஆரம்பித்தார், படங்களைப் பார்க்க. படங்கள் மட்டுமில்லை, கோயிலில் அவள் பாடியதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, அவள் சிரிப்பு, இடையில் சுருதி தப்பி "இரு இரு, மொதல்ல இருந்து" என்று சொல்வது. அதனால்தான் நான் பயந்தேன். "நீல எழுத்துல கோடு போட்டிருந்தா தொடாதீங்கப்பா." "எல்லாமே நீலமாத்தான் இருக்கு." "அமுக்காம அம்பை மட்டும் அது மேல வைங்க, திரையோட அடியில அது எங்க போகுதுன்னு அட்ரஸ் வரும், அது கிறுக்கலா இருந்தா விட்டுருங்க." "எனக்கு எது கிறுக்கல் எது அட்ரஸுன்னு எப்படித் தெரியும்?" நான் அலுத்துப் போய்ச் சொன்னேன், தெரிஞ்சவங்ககிட்ட இருந்து வந்தா மட்டும் திறங்க, தெரியாதவங்ககிட்ட இருந்து வந்தா திறக்காதீங்க. அவருக்கு அது பிடித்துவிட்டது. "அப்படிச் சொல்லு. தெரிஞ்சவங்க, தெரியாதவங்க. வீட்டு வாசல் மாதிரி." தெரிஞ்சவங்ககிட்ட இருந்து வந்தா மட்டும். அவளைவிடத் தெரிந்தவர் அவருக்கு யார் இருக்கிறார்கள்? உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், மற்றவர்களெல்லாம், நான் உட்பட, அவளுக்குத் தெரிந்தவர்கள். நான் கட்டிக்கொடுத்த வாசலில் சரியாக அந்த முகத்தை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. தெரிஞ்சவங்ககிட்ட இருந்து வந்தா.

ஃபோன் அடித்தேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும். அது சாப்பாட்டு அறையில் சார்ஜில் கிடக்கும், அவர் முன்னறையில், காது மெஷினை மதியம் கழற்றி வைத்துவிடுவார், காதுக்குள் வண்டு மாதிரி இரைகிறதாம். என் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்க, என் கண் முன்னால் அம்பு துடித்துக்கொண்டே இருந்தது. மணி அங்கே ஆளில்லாத அறையில் ஒலிப்பதும், அடுத்த அறையில் அவர் இறந்துபோனவளின் பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதும் ஒரே நேரத்தில் எனக்குத் தெரிந்தன, அவருக்கு மட்டும் தெரியவில்லை. மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ, அம்மா இருக்கிற இடத்திலிருந்து, எல்லாம் தெரிந்து எதுவும் கேட்காமல். பக்கத்து வீட்டு செலின் அக்காவுக்கு அடித்தேன். எடுத்தாள். "அக்கா, அப்பா ஃபோன எடுக்கல, கொஞ்சம் போய்ப் பாக்கிறியளா, கம்ப்யூட்டர்ல எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க." "என்னட்டி, மாஸ்டருக்கு உடம்புக்கு ஏதும் ஒண்ணா?" "இல்லக்கா, உடம்புக்கு ஒண்ணுமில்ல, ஒரு மெயிலு." "மெயிலா?" அம்மாவிடமிருந்து என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பகலில், வெயிலில், ஒரு ஆளிடம் சொல்லக்கூடிய வாக்கியமா அது. "ஒரு கெட்ட மெயிலு" என்றேன். "மார்க்கெட்ல நிக்கேன் பிள்ள, இந்தா வண்டி புடிச்சு வந்துர்றேன்." வைத்தாள். அம்பு ஒரு சுற்று சுற்றியது, நீல வரியைச் சுற்றி, ஈ சுற்றுவதைப் போல, மீண்டும் அதன் மேலேயே வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. அம்மாவின் கணக்கிலிருந்து எல்லோருக்கும் போயிருக்கிறது என்றால் எனக்கு ஏன் வரவில்லை? என் மெயிலைத் திறந்து பார்த்தேன், இல்லை. குப்பையைத் திறந்தேன். இருந்தது. காலையில் வந்திருக்கிறது. வயலட் ஆசீர்வாதம், 'உங்களுக்கான ஆவணம்.' நானே அழித்திருக்கிறேன். காலையில் காபி குடித்துக்கொண்டே வரிசையாகத் தேவையில்லாததையெல்லாம் தள்ளிவிடுவேன், கை தானாகச் செய்யும், பெயர் பார்க்காது, வாக்கியத்தின் வாடையைப் பார்க்கும், அன்புள்ள, ஆவணம், கீழே, போ. அம்மாவின் பெயர் என் கண்ணுக்கு நேராக வந்து நின்றிருக்கிறது, என் விரல் அதைத் தள்ளிவிட்டிருக்கிறது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு சிலிர்ப்புகூட இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான்தானே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். பாதுகாப்பு என்றால் அதுதான். அந்த மனுஷர் அங்கே ஒரு பெயருக்கு முன்னால் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார், நான் அதைக் காபியோடு விழுங்கிவிட்டு நிம்மதியாக வேலையில் உட்கார்ந்துவிட்டேன், எங்கள் இருவரில் யாருக்கு என்ன ஆகிவிட்டது. ஜன்னல் திரை ஒரு தரம் உள்ளே ஊதி அடங்கியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான், இந்த மாதத்தில் இப்படித்தான் ஆளில்லாத அறைக்குள் ஆள் வருவது போல வரும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

அந்த வரியை அமுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஓர் ஆபீஸில் அது நடந்துகொண்டிருக்கும்போதே பார்த்திருக்கிறேன். சத்தம் இருக்காது, நெருப்பு இருக்காது. ஒவ்வொரு படத்தின் பெயரும் நம் கண் முன்னாலேயே மாறும், ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது, தெருவில் வீடு வீடாக விளக்கு அணைவது போல. பிறகு எதையும் திறக்க முடியாது. அது அங்கேயே இருக்கும், ஆனால் அதற்குள் யாரும் இருக்க மாட்டார்கள். அம்மாவின் சிரிப்பு, சுருதி தப்பியது, கல்யாணப் படம், கடற்கரையில் சேலை முந்தானையை வாயில் கவ்வியபடி நிற்கிறது, எல்லாவற்றின் பெயரும் கிறுக்கலாகிவிடும். எடுத்து வேறொன்றில் வைத்திருக்கலாமே என்றால், பாதி வைத்திருக்கிறேன், பாடல்கள் இல்லை, அடுத்த தடவை போகும்போது என்று. இவ்வளவையும் அவருக்கு விளக்க நேரமில்லை. மௌஸைப் பிடித்தேன். என் கை அசைந்ததும் அங்கே அம்பு அசைந்தது, நீல வரியை விட்டு மெதுவாக விலக்கிக் கொண்டுபோனேன், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து கத்தியை எடுப்பதைப் போல. பாதி தூரம் போகவில்லை, அம்பு என் கையில் கனத்தது. அவர் இழுக்கிறார். மறுபடியும் அந்த வரிக்கே. நான் இழுத்தேன். அவர் இழுத்தார். இரண்டு ஊரிலிருந்து இரண்டு கைகள் ஒரு அம்பை, ஒரு வார்த்தையும் பேசாமல். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடிக்கும் அந்தக் கையின் பலம் அதில் இருந்தது, சத்தியமாக இருந்தது, கம்பியில்கூட வந்துவிடுமா அது. எதிர்முனையின் மௌஸை முடக்கு என்று எனக்கு ஒரு வசதி இருக்கிறது, ஒரே அமுக்கு, பிறகு அவர் எப்படி ஆட்டினாலும் அம்பு அசையாது. அதையும் செய்யலாம். மெயிலையே மூடிவிடலாம், அதற்கும் ஒரே அமுக்குதான், பெயரும் பச்சைப் புள்ளியும் அவர் கண் முன்னால் போய்விடும். அவள் ஒரு தடவை போனதைப் பார்த்தாயிற்று. என் விரலால் இன்னொரு தடவையா.

அதனால் நான் எப்போதும் செய்யாத ஒன்றைச் செய்தேன். எதுவாக இருந்தாலும் இதுவரை ஃபோனில்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் திரையில் ஒரு வெற்று நோட்பேடைத் திறந்தேன். மெயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளைச் சதுரம் திறந்து நின்றது. அதில் அவசரமாக அடித்தேன், 'தொடாதீங்க.' அம்பு சட்டென்று நின்றது. இந்தத் தடவை துடிப்புகூட இல்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்து, யாரென்று தெரியாமல் பயந்துவிடப் போகிறார் என்று, அடுத்த வரியில், 'நான்தான்' என்று அடித்தேன். அடித்து முடித்த பிறகுதான் பார்த்தேன். இடது பக்கம் சாம்பல் எழுத்தில் 'இது நான்தான்.' வலது பக்கம் கறுப்பு எழுத்தில் 'நான்தான்.' நடுவில் அந்தப் பச்சைப் புள்ளி. என் கழுத்துக்குப் பின்னால் மயிர் நட்டுக்கொண்டது. தொடாதீங்க. நானும் அவரை நீங்க, வாங்க, போங்க என்றுதான் சொல்வேன். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். எங்கள் வீட்டில் அவரிடம் பேசுகிற இரண்டு பெண்களுக்கும் ஒரே விகுதிதான். அவர் பதினைந்து மாதமோ எவ்வளவோ வாய் திறக்காமல் காத்திருந்ததற்கு, அந்தப் பெயரை நுனி விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு, திரை தானாகத் திறந்து, தொடாதீங்க, நான்தான், என்று பதில் சொல்லியிருக்கிறது. அங்கே ஒரு எழுத்து விழுந்தது. அவர் ஒரு விரலால்தான் அடிப்பார், ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி. நீ. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. யா. 'நீயா.' கேள்விக்குறி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மறுபடியும் ஒரு எழுத்து, வ. அடுத்து, ய. அவை அழிந்தன, ஒவ்வொன்றாக, பின்னாலிருந்து. 'நீயா' மட்டும் நின்றது. அதன் முனையில் கோடு ஒன்று மின்னி மின்னி அணைந்தது.

அந்தக் கோடு மின்னிய நேரத்தை நான் என்னவென்று சொல்வேன். என் விரல்கள் எழுத்துகளின் மேல் இருந்தன. ஆமா என்று அடித்தால் போதும். ஆமா, அந்த நீல வரியைத் தொடாதீங்க, இனிமே எதையும் தொடாதீங்க, மாத்திரைய மறக்காம போடுங்க. நான் ஆயிரம் தடவை சொல்லியும் நிற்காதது ஒரே தடவையில் நின்றுவிடும், அவர் சாகும்வரை ஒரு கெட்ட வரியையும் தொட மாட்டார், எந்தப் பூட்டும் எந்தப் பாடமும் தராத பாதுகாப்பு அது. பொய்தான், ஆனால் பொய்ப் பெயரில் எழுதுவதற்குத்தானே என்னைப் பழக்கியிருக்கிறார்கள், யாராக எழுதினால் யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாததா. அம்மா எப்படி எழுதுவாள் என்றும் தெரியும். புள்ளி வைக்க மாட்டாள். கடைசியில், சரி வைக்கேன், என்பாள். என் விரலுக்குள் அவள் விரல் இருக்கிறது என்று அப்போது தோன்றியது, அதே கட்டை விரல், அதே நகம், ஆஸ்பத்திரியில் அவள் கையை என் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பார்த்ததுதான். ஒருவேளை இது பொய்யே இல்லையோ, அவள் இருந்திருந்தால் இதைத்தானே சொல்லியிருப்பாள், நான் வெறும் கம்பிதானோ, இப்படித்தான் வருவார்களோ, இப்படித்தான் இதுநாள்வரை எல்லோர் வழியாகவும் வந்துகொண்டிருக்கிறார்களோ. ஆ அடித்துவிட்டேன். அவர் திரையில் அது தெரிந்தது. ஆ. அங்கே அம்பு பதறிப்போய் நோட்பேடுக்கு ஓடி வந்தது, அந்த ஒற்றை எழுத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது, பக்கத்தில் என்றால் ஒட்டிக்கொண்டு, அதன் மடியில் தலையை வைப்பதைப் போல. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாத் தூண்டிலும் இப்படித்தான் இருக்கும், இந்த அன்போடுதான் இருக்கும், அந்தப் பக்கம் எங்கேயோ பச்சைப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதும் நானும் இந்த நேரத்தில் ஒரே வேலையைத்தான் செய்கிறோம், ஒரே பெயரைப் போர்த்திக்கொண்டு, ஒரே மனிதருக்கு முன்னால். என்னுடையது நல்லதுக்கு. அதுவும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, உங்களுக்கான, காத்திருக்கிறது, தயவுசெய்து. அந்த 'ஆ'வை அழித்தேன். அம்பு திடுக்கிட்டது. என் கண் மங்கலாகிவிட்டிருந்தது, தப்புத் தப்பாக அடித்து, அழித்து, அடித்தேன். 'பியூலாதான்பா. அம்மா இல்லப்பா. அது பொய்.'

ஒன்றும் நடக்கவில்லை. கோடு மின்னியது. அம்பு நின்ற இடத்தில் நின்றது. பிறகு மிக மெதுவாக நோட்பேடை விட்டு நகர்ந்து, இடது பக்கம், மெயிலுக்கு, சாம்பல் எழுத்தைத் தாண்டி, நீல வரியை நோக்கி. அப்பா, என்று சத்தமாகவே சொன்னேன், காலியான வீட்டில் என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. வேண்டாம்பா. அம்பு நீல வரியையும் தாண்டியது. மேலே போனது. வயலட் ஆசீர்வாதம் என்ற பெயரின் முதல் எழுத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, கடைசி எழுத்துவரை, வருடிக்கொண்டு போனது. அடுத்த நொடி என் திரை முழுக்கக் கறுத்தது. எதிர்முனை இல்லை, என்று ஒரு வரி. கறுப்பில் என் முகம் தெரிந்தது. அமுக்கிவிட்டாரா, அந்த நொடியில் என் கண்ணுக்குத் தப்பி அமுக்கிவிட்டாரா, அல்லது கரண்ட் போய்விட்டதா, அல்லது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நான் ஆ என்று எழுதி அழித்ததில், ஒரு எழுத்தில், மனுஷருக்கு. திரும்பத் திரும்ப இணைக்கப் பார்த்தேன். எதிர்முனை இல்லை. எதிர்முனை இல்லை. அந்த வார்த்தையை எழுதியவர்கள் யாராவது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பார்களா. செலின் அக்காவுக்கு அடித்தால் அவள் எடுக்கவில்லை. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். பக்கத்து ஃபிளாட்டில் குக்கர் விசில் போட்டது, நான் அலறிவிட்டேன்.

ஃபோன் அடித்தது. செலின் அக்கா. "பியூலா, நான் உள்ளதான் நிக்கேன், மாஸ்டர் நல்லாத்தான் இருக்காரு, இந்தா குடுக்கேன், பேசு." மூச்சு, ஃபோன் கை மாறுகிற கரகரப்பு, பிறகு காது மெஷினை மாட்டும்போது வருகிற அந்தக் கீச்சு. இத்தனை நேரம் சத்தமே இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கீச்சு எவ்வளவு நிறைவாக இருந்தது.

"நான் அமுக்கல பிள்ள" என்றார் அப்பா முதலில்.

"தெரியும்பா."

"பிளக்கப் புடுங்கிட்டேன். வேற எப்படி மூடணும்னு தெரியல, அந்தப் பேர மூட எனக்குக் கை வரல."

"நல்லதுதான் பண்ணியிருக்கீங்க. ரொம்ப நல்லது."

"நீ சொன்ன மாதிரி அம்பை மேல வச்சு அடியில அட்ரஸத்தான் பாத்தேன். எழுத்து எழுத்தா வாசிச்சேன். ஒரே கிறுக்கலு. அவ அப்படி ஒரு எடத்துல இருக்க மாட்டா."

அந்தத் துடிப்பு, அந்தச் சுற்றல், நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்ததெல்லாம் அவர் நான் சொன்னதைச் செய்துகொண்டிருந்தது. "அப்போ ஏன்பா கைய எடுக்கல?"

"பச்சை லைட்டு எரிஞ்சுதுல்லா."

"அது உள்ள வேற எவனோ இருக்கான்னு அர்த்தம்பா."

"ம். நான் நீயான்னு கேட்டேன். நீ ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலியே. ஒரு எழுத்து போட்ட, அதையும் அழிச்ச."

நெட்வொர்க் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்த வார்த்தை தெரியும், எல்லாப் பழியையும் அதன் மேல் போடுவார். "அம்மான்னு சொல்லிரலாமான்னு நினைச்சேன்பா" என்றேன்.

அந்தப் பக்கம் செலின் அக்கா அடுப்படியில் பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் வந்தது. தெருவில் ஏதோ வண்டி போனது. துறைமுகத்துச் சங்கு ஒன்று தூரத்தில் ஊதி அடங்கியது.

"சொல்லிருந்தா நம்பிருப்பேன்" என்றார். கோபம் இல்லை, அழுகையும் இல்லை, வெயில் எப்படி என்று கேட்டால் சொல்வாரே அந்தக் குரல். "இன்னைக்கு நம்பிருப்பேன். நாளைக்கும் போய் உக்காந்திருப்பேன். ஒண்ணும் வரலன்னா இன்னும் கொஞ்சம் உக்காந்திருப்பேன். சோறு தண்ணி இல்லாம அங்கயே கெடந்திருப்பேன் பிள்ள. நீ ஒரு தடவதான எழுதிருப்ப."

"மன்னிச்சிருங்கப்பா."

"எதுக்கு? நீதான் சொல்லிட்டியே." பிறகு, "அந்தக் கணக்க அடைச்சிரு. நான்தான் இருக்கட்டும் இருக்கட்டும்னு சொன்னேன். இனி வேண்டாம். அவ வீட்டுக்குள்ள எவனோ பூந்து உக்காந்துக்கிட்டு, வந்தவங்களயெல்லாம் அவ பேரச் சொல்லிக் கூப்பிடுதான். அடைச்சிரு."

"இப்பவே பண்றேன். நீங்க நான் வர்ற வரைக்கும் அத ஆன் பண்ணாதீங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன். பாட்டெல்லாம் எடுத்து வேற எடத்துல வச்சிருவோம்."

"வா" என்றார். வைக்கவில்லை. அவருக்கு ஃபோனை எப்படி வைப்பது என்று தெரியும், ஆனால் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது, அவர் எழுந்து அந்த அறையை விட்டு நடக்கிறார், செருப்பு தரையில் உரசுகிறது, ஒரு கதவு. நான் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். டம்ளரை மேசையில் வைக்கிற சத்தம். செலின் அக்காவின் குரல் தூரத்திலிருந்து வந்தது, "டீ ஆறுது மாஸ்டர். லைன்ல யாரு, இன்னும் அவளா?"

"ஆமா" என்றார் அப்பா. "பியூலாதான்."